லடாக் டாங்கிக்கு எதுக்குய்யா துரு?

டாங்கி மாடல் ஒட்டுற ஆசாமிகளுக்கு எங்க போனாலும் ஒரே வியாதி, ஜெர்மன் டைகர். நான் புதுச்சேரிக்காரனாச்சே, பிரெஞ்சு வண்டி ஏ.எம்.எக்ஸ்-13 எடுத்தேன் :-) டமியா 2016-ல விட்ட 1/35 கிட். உடம்பு நீளம் சுமார் 14 சென்டிமீட்டர்தான்.

சும்மா இல்லீங்க, நம்ம ராணுவத்துல ஓடின வண்டி இது. 1962 அக்டோபர்ல, சீனாவோட சண்டை நடந்தப்ப, 20 லான்சர்ஸ் படையோட ஏ.எம்.எக்ஸ்-13களை ஏ.என்-12 விமானத்துல ஏத்தி லடாக்ல சுஷுல்ல இறக்கினாங்க. 14,000 அடி உயரம்!

சரி, அந்த வண்டிக்கு நம்மாளுங்க என்ன பெயிண்ட் அடிக்கிறாங்க? பக்கவாட்டுல துரு வழிஞ்ச கோடு, சக்கரம் பூரா சேறு. துரு பிடிக்க ஈரம் வேணும்ல? லடாக் குளிர் பாலைவனம். துரு வழியறது பீச் ரோட்டுப் பக்கம் நம்ம வீட்டு ஜன்னல் கம்பியில. அதையே பார்த்துக் கண்ணு பழகிப்போச்சு போல.

பத்து வருஷம்கூட ஓடாத வண்டிங்க அது. சண்டைக்குத் தயாரா போய் நின்னதைக் காயலான் கடைச் சரக்கு மாதிரி காட்டினா எனக்கு ஒப்பல.

வெளிறின மண்தூசு போதும். சாக்பீஸை உரசி, கொஞ்சம் காவி கலந்து, மெல்லிசா தடவுங்க. இந்த டாங்கியோட டரட் ரெண்டு துண்டு. நடுவுல இருக்கிற கித்தான் மடிப்புல மட்டும் கொஞ்சம் தூக்கலா.

கடைசியா வார்னிஷ் ஸ்ப்ரே. அதை ஐப்பசி மழையில அடிக்காதீங்க, நம்மூரு ஈரத்துல வெள்ளை பூத்துடும். தை வரைக்கும் டப்பாவுல தூங்கட்டும்.