பதினான்கு ஆண்டு உழைத்தவருக்கு ஓய்வூதியக் கணக்கு எங்கே?

எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டதிலிருந்து டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை ஒரே பேச்சுதான்: சம்பளம் எத்தனை மடங்கு ஏறும், ஓய்வூதியர்களுக்கு என்ன கிடைக்கும்? மத்திய அரசு ஊழியர்களுக்குச் சங்கம் இருக்கிறது, ஓய்வூதியர்களுக்கும் இருக்கிறது. இரண்டு வரிசையிலும் நிற்க முடியாத ஒரு கூட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ராணுவக் குடும்பங்கள் 'ஷார்ட் சர்வீஸ்' என்று அழைக்கும் குறுகிய காலப் பணி அதிகாரிகளைச் சொல்கிறேன்.

பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் 49 வாரம் பயிற்சி பெற்று, தோளில் நட்சத்திரத்துடன் வெளியே வருபவர்கள் இவர்கள். பணிக்காலம் 10 ஆண்டு. நீட்டித்தால் 14. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டு வேண்டும். நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால், ஓய்வூதியத்துக்கு ஆறு ஆண்டு முன்பே கதவு சாத்தப்படும். அப்போது அவருக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பதுக்குள் வயது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். பல ஆண்டுகளாக இது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்த சிவில் ஊழியர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். முப்படைக்கு விலக்கு, அங்கே பழைய ஓய்வூதியமே தொடர்கிறது. இருபது ஆண்டு நிறைப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கோ பழையதும் இல்லை, புதியதும் இல்லை. 19,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் ஓர் எழுத்தரின் கணக்கில், 2019 ஏப்ரலிலிருந்து, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதத்தை அரசு செலுத்துகிறது. வேலையை விட்டாலும் அந்தக் கணக்கு அவருடையதுதான். எழுத்தர்மேல் எனக்கு வருத்தமில்லை, அது அவருக்கு உரியது. ஆனால் லெப்டினன்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதில் 14 சதவீதம் மாதம் 7,854 ரூபாய். அகவிலைப்படி, ஆண்டு உயர்வு, பதவி உயர்வு, வட்டி எதையும் சேர்க்காமல் 14 ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 13,19,472 ரூபாய். எல்லாவற்றையும் சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு வரும். எல்லையில் நின்றவருக்காக அரசு இப்படி ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை. பணிக்கொடை தருகிறோமே என்பார்கள். வீட்டுக்கு முன்பணம் கட்ட அது உதவலாம், அறுபது வயதுக்குமேல் சோறு போடாது.

"படித்தவர்கள், வெளியே நல்ல வேலை கிடைக்கும்" என்று சொல்பவர்கள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் பக்கம் போய்ப் பார்க்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் சிக்னல்ஸ் பிரிவில் பத்தாண்டு இருந்து மேஜராக வெளியே வந்தார். கடைசியாக வாங்கியது, படிகளெல்லாம் சேர்த்து, மாதம் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். ஒரு தொழிற்சாலை அவருக்குக் கொடுத்தது அதில் பாதி. விண்ணப்பத்தில் 'தொழில்துறை அனுபவம்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போடச் சொன்னார்களாம். பனிமலையில் தகவல்தொடர்பு அறுந்துபோகாமல் காத்தவர் இன்று கேட், கேன்டீன், ஊழியர் பேருந்து மூன்றையும் பார்த்துக்கொள்கிறார். எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் நூறு பேருக்கு மேல் வழிநடத்திய ஒருவரை நம் நிறுவனங்கள் 'செக்யூரிட்டி, அட்மின்' என்ற இரண்டே பெட்டிக்குள் அடைப்பது நாட்டுக்கே நஷ்டம்.

மறுவாழ்வு இயக்குநரகம் ஐஐஎம்களில் ஆறு மாதப் படிப்பு தருகிறது. சேர்ந்தவர்களுக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலை கேட்டு நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் இரண்டு ஆண்டு எம்பிஏ முடித்த இருபத்து நான்கு வயதுக்காரர். பொதுத்துறை வங்கிகள் ஐந்தாண்டு முடித்த அதிகாரிகளை வேலைக்கு அழைக்கின்றன. எதற்கு? அங்கேயும் பாதுகாப்பு அதிகாரி வேலைக்குத்தான்.

"கையெழுத்துப் போடும்போதே தெரியுமே" என்கிறார்கள் நிதி நிர்வாகம் பேசுபவர்கள். கந்துவட்டிக்காரனும் இதையேதான் சொல்வான். இருபத்து நான்கு வயதில், சீருடைக் கனவோடு போட்ட கையெழுத்தைக் காட்டி ஓர் அரசு தன் கடமையிலிருந்து தப்பக் கூடாது. 2025 மே மாதம், நிரந்தரப் பணி கேட்ட ஷார்ட் சர்வீஸ் பெண் அதிகாரிகளின் வழக்கில், படை இளமையாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. ஏற்கிறேன். அப்படியானால் அந்த இளமைக்கான விலையை அரசு கொடுக்கட்டும், அதிகாரியின் குடும்பத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

இதே அரசு ஒரு காலத்தில் இதைச் செய்தும் காட்டியது. 1962 போரை ஒட்டி அவசரமாகச் சேர்க்கப்பட்ட அதிகாரிகளை அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் விடுவித்தபோது, ஐஏஎஸ், ஐபிஎஸ் பணிகளில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கித் தேர்வு நடத்தினார்கள். இன்று குடிமைப் பணித் தேர்வில் ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு மிஞ்சியிருப்பது வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு மட்டும்.

விளைவு கண்முன்னே இருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் பிரிவுகள் நீங்கலாக, ராணுவத்துக்கு வேண்டிய அதிகாரிகள் 50,538 பேர். 2024 ஜூலை 1 அன்று இருந்தவர்கள் 42,095. நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல் காலி. நம் பிள்ளைகளுக்குத் துணிச்சல் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் வருந்துவதை நான் நம்பவில்லை. முப்பத்தைந்து வயதில் தெருவில் விடப்பட்ட அண்ணனைத் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஊதியக் குழு ஒன்றே ஒன்று செய்யட்டும். நட்சத்திரம் குத்தப்படும் நாளிலேயே ஒவ்வொரு ஷார்ட் சர்வீஸ் அதிகாரிக்கும் ஓர் ஓய்வூதியக் கணக்கைத் திறந்து, எழுத்தருக்குப் போடும் அதே 14 சதவீதத்தைப் போடச் சொல்லட்டும். ஏற்கெனவே வெளியேறியவர்களுக்கும் முன்தேதியிட்டு வட்டியோடு தரட்டும். காலியாகக் கிடக்கும் அந்த 8,443 இடங்களும் ஐந்தே ஆண்டில் நிரம்பிவிடும்.