மூச்சிரைப்பும் மூப்பும்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று 68 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் சொன்னால், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: “வயதாகிவிட்டது அல்லவா?” வீட்டாரும் அதையே சொல்கின்றனர், நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவிலும் அதுவே சொல்லப்படுகிறது. அவருடைய இதய வால்வு சுண்ணாம்பேறி இறுகிக்கொண்டிருக்கலாம் என ஐயுறுவதற்கு, மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சில நிமிடங்கள் கேட்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள்தாம் ஏழை முதியோருக்கு வாய்ப்பதில்லை.

இஃது அரிய நோயன்று. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வட்டாரத்தில் 65 வயது கடந்த 2,500 பேரை எக்கோ கருவியால் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை கண்டறியப்படாத, மிதமான அல்லது கடுமையான வால்வு நோய் 6.4 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இலவசப் பொது மருத்துவம் உள்ள நாட்டின் நிலையே இது. இந்தியாவிலோ, மூப்பினால் நேரும் சிதைவோடு, சிறுவயதுத் தொண்டை அழற்சி வாதக் காய்ச்சலாகி வால்வை அரிக்கும் நோயும் சேர்ந்துகொள்கிறது. காற்றோட்டமற்ற, நெரிசலான குடியிருப்புகளின் நோய் அது. பென்சிலின் ஊசியால் தடுக்கத்தக்கது.

பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கி, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை தோன்றிய பிறகும் வால்வை மாற்றாமல் விட்டால், ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறக்கின்றனர். சுருங்கிய வால்வை விரிக்கும் மாத்திரை எதுவுமில்லை.

அப்படியானால் அனைவருக்கும் எக்கோ எடுத்துவிடலாமா? கார்ப்பரேட் மருத்துவமனைகளின் ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரங்கள் இந்த அச்சத்தைத்தான் விற்கின்றன. நார்வேயின் டிராம்சோவில் பொதுமக்களுக்கு அவ்வாறு எக்கோ எடுத்து 15 ஆண்டுகள் கண்காணித்தும் இறப்பு குறையவில்லை. ஆகவே தேவைப்படுவது வேறு. முதியவர் எதற்காக வந்தாலும் நெஞ்சொலியைக் கேட்க வேண்டும்; ஐயமிருந்தால் எக்கோ எடுக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பு எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதால், மூச்சிரைப்போ மயக்கமோ உள்ளவருக்கு ஒலி கேட்காவிடினும் எக்கோ வேண்டும்.

ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு என அறிவித்து விழா எடுத்தது. அந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தோருக்கானது. புறநோயாளராக வந்து எடுக்கும் எக்கோவுக்கு அதில் இடமில்லை. நோய் இருப்பதே தெரியாதவர் எந்தக் கட்டிலில் போய்ப் படுப்பார்? 30 வயது கடந்தோருக்கான அரசுப் பரிசோதனை இரத்த அழுத்தம், நீரிழிவு, மூவகைப் புற்றுநோய் ஆகியவற்றைப் பார்க்கிறது. அதை நடத்தும் ஊழியர்களே மூச்சிரைப்பையும் மயக்கத்தையும் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டுவிடலாம்.

சிகிச்சைச் செலவு தனிக்கதை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில், எம்.எஸ். வலியத்தான் தலைமையில், பொதுப்பணத்தில் உருவான வால்வு 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வைவிட மிக மலிவானது அது. இன்று முதியோருக்கு மார்பைத் திறக்காமல் தொடை வழியே வால்வு பொருத்தும் முறை வந்துவிட்டது. விலையோ பல லட்சம். 2017இல் ஸ்டென்டுக்கு விதித்ததைப் போன்ற விலை உச்சவரம்பு இதற்கும் வேண்டும். தாலுகா மருத்துவமனைதோறும் எக்கோ கருவியும், அதை இயக்க ஒப்பந்த ஊழியரல்லாத நிரந்தரப் பணியாளரும் வேண்டும்.