ஸ்பெல்லிங் கேட்டது போதும், பாக்கெட்டைத் திருப்புங்கள்

அறிவியல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி எத்தனை வீடுகளில் இந்தச் சத்தம் கேட்கிறது! "கம்யூனிகபிள் டிசீஸுக்கு ரெண்டு எக்ஸாம்பிள் சொல்லு. பேலன்ஸ்டு டயட்னா என்ன? டயரியா ஸ்பெல்லிங் எழுதிக் காட்டு." பிள்ளை ஓர் எழுத்தை விட்டுவிட்டால் தலையில் ஒரு குட்டு, பத்துத் தடவை இம்போசிஷன். ஒரு மார்க் போய்விடுமே என்று உங்களுக்குப் பதற்றம். அதில் கால்வாசியாவது அந்த நோயின் மேல் இருக்கிறதா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன்.

அதே பிள்ளைக்கு நிஜமாகவே வயிற்றுப்போக்கு வரும்போது என்ன செய்கிறீர்கள்? "லூஸ் மோஷன் நிக்கிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாதே" என்று பட்டினி போடுகிறீர்கள். மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப் போய், ஆரஞ்சு வாசனையோடு அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புத் தண்ணீரை வாங்கிவந்து ஸ்ட்ராவைச் செருகிக் கொடுக்கிறீர்கள். பெட்டியில் ஓஆர்எஸ் என்று பெரிதாகப் போட்டிருந்ததே என்பீர்கள். போட்டிருந்தது உண்மைதான். உலக சுகாதார நிறுவனம் சொன்ன ஓஆர்எஸ் கலவை இது அல்ல என்று அதே பெட்டியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டும் இருந்தார்கள். அதைப் படித்தவர் யார்? ஹைதராபாத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் தனியாகப் போராடினார். 2025 அக்டோபரில்தான், சரியான கலவை இல்லாத எந்தப் பானமும் தன் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதுவரை நம் பிள்ளைகள் குடித்த பெட்டிகளுக்கு என்ன கணக்கு?

நிஜமான ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இந்த அளவில் இருந்தால்தான் குடல் சுவர் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் உடம்புக்குள் போகும். சர்க்கரை ஏறிப்போனால் உடம்பிலிருக்கிற தண்ணீர் குடலுக்கு வந்து, போக்கு இன்னும் அதிகமாகும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை டம்ளரில் கரைத்துக் கொடுப்பதும் தப்பு, "கொஞ்சம் தூவினா போதும்" என்பதும் தப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது.

1971ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்து பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே அதை மொண்டு மொண்டு புகட்டியவர்கள் நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். வீடு வாசல் இழந்து வந்த தாய்மார்களால் சேற்றுக்கு நடுவே செய்ய முடிந்ததை, ஆர்ஓ தண்ணீரும் அளவு பாட்டிலும் வைத்திருக்கிற நம்மால் செய்ய முடியாதா?

காய்ச்சலுக்கு வருவோம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவை வரைந்து பாகம் குறிக்கப் பையனுக்குத் தெரியும். மொட்டை மாடியில் மூடி இல்லாமல் கிடக்கிற டிரம் யாருடையது? அந்தக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை டிரம்மின் சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். படம் வரைந்தவனையே ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரஷ்ஷோடு மாடிக்குக் கூட்டிப் போங்கள்.

காய்ச்சல் வந்ததும், போன தடவை வாங்கி மீந்த சிரப்பை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து எடுத்து ஊற்றுகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். அந்த பாட்டிலில் பாராசிட்டமால் மட்டும்தான் இருக்கிறதா, ஐபுப்ரோஃபென்னும் சேர்ந்திருக்கிறதா? டெங்குவாக இருந்தால் ஐபுப்ரோஃபென் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அந்த ஒரு பெயரை லேபிளில் கண்டுபிடிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருக்கிறாள். அவளை யாரும் கேட்பதில்லை. "நீ போய்ப் படி" என்று உள்ளே அனுப்பிவிடுகிறீர்கள்.

மாத்திரை அட்டையின் முதுகில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு அது அடையாளம். ஆன்டிபயாடிக் அட்டைகளில் இந்தக் கோட்டைப் பார்த்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016லேயே அரசு பிரசாரம் செய்தது. நாம் என்ன செய்கிறோம்? சளி பிடித்தால் கடைக்காரரிடம் "போன வாரம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தீங்களே, அதையே குடுங்க அண்ணே" என்கிறோம். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் வித்தியாசம் எழுது என்று ஐந்து மார்க் கேள்வி வருகிறது. பிள்ளை ஐந்து வித்தியாசம் எழுதி முழு மார்க் வாங்குகிறான். அவன் வாயில் போகிற மாத்திரைக்கு அந்த ஐந்தில் ஒன்றுகூடப் பயன்படவில்லை என்றால் அந்த மார்க்கை வைத்து என்ன செய்வது?

அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் பிள்ளையை வெளியே விடாத வழக்கம் நமக்கு உண்டு. அதை நான் மனசார மதிக்கிறேன். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டுகிற வரைக்கும் சின்னம்மை தொற்றும் என்பதுதான் மருத்துவமும் சொல்வது. அந்தக் கட்டுப்பாடு மெட்ராஸ் ஐக்கு ஏன் இல்லை? கண் இரண்டும் சிவந்து பீளை தள்ளுகிற பிள்ளையை, யூனிட் டெஸ்ட் என்பதற்காகவும் நூறு சதவீத வருகைக்கான சான்றிதழுக்காகவும் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள். அவன் கண்ணைத் தேய்த்த கையோடு பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை வாங்குகிறான். அந்தப் பிள்ளை வீட்டில் கைக்குழந்தை இருக்கும், படுத்த படுக்கையாகப் பாட்டி இருப்பார். அவர்கள் யாரும் உங்கள் கணக்கில் வரவில்லையா?

இனி சாப்பாடு. இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். பேலன்ஸ்டு டயட்டை ஒப்பித்து முடித்த பிள்ளையின் டிபன் பாக்ஸைத் திறந்தால் கிரீம் பிஸ்கட். "கோதுமை பிஸ்கட்தானே" என்று ஒரு சமாதானம் வேறு. பாக்கெட்டைத் திருப்புங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். முதலில் ரீஃபைன்ட் வீட் ஃப்ளோர் என்று இருந்தால் அது மைதா. அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது பாமாயில் என்றால் அந்த பிஸ்கட்டின் கதை அங்கேயே முடிந்தது. முன்பக்கத்தில் படம் போட்ட கோதுமைக்கதிர் எந்த இடத்தில் வருகிறது என்று பிள்ளையே விரல் வைத்துத் தேடட்டும். சத்து அட்டவணையில் 'பெர் சர்வ்' என்ற கட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவர்கள் சொல்லும் ஒரு சர்வ் இரண்டு பிஸ்கட்டாக இருக்கும், உங்கள் பிள்ளை தின்பது ஒரு பாக்கெட். நூறு கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தைப் பாருங்கள். நான்கு கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்று ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. காலையில் பாலில் கலக்கிற பவுடரையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, அந்தத் தலைப்பிலிருந்து இந்தப் பானங்களை எடுக்கும்படி 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொல்லிவிட்டது. எந்தக் குளிர்பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று போர்டு வைக்கும்படி 2025ல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு எழுதிவிட்டது. உங்கள் சமையலறை மட்டும் மாறவில்லை.

அயர்ன் குறைந்தால் அனீமியா என்று பிள்ளை எழுதுகிறாள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்துக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57. முருங்கைக்கீரையை ஓரமாக ஒதுக்கி வைக்கிற பிள்ளையிடம் போராடச் சலித்து, சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீயையும் ஆற்றிக் கொடுக்கிறீர்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கீரையில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் சேரும். இதைச் செய்யக் காசு வேண்டாம். கடலை மிட்டாய், சுண்டல், கொய்யா, பள்ளிச் சத்துணவில் போடுகிற முட்டை இவற்றையெல்லாம் கௌரவக் குறைச்சலாக நினைப்பதை மட்டும் நிறுத்த வேண்டும்.

"எங்களுக்கு இங்கிலீஷ் வராதே" என்று சொல்லிக்கொண்டு இதிலிருந்து தப்பிக்க முடியாது. உங்களுக்கு வராததால்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள். படித்ததை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மளிகைச் சாமான் வந்ததும் இரண்டு பாக்கெட்டை அவள் கையில் கொடுங்கள். எக்ஸ்பைரி டேட் எங்கே, முதலில் எழுதியிருக்கிற பொருள் எது, உப்பு எவ்வளவு என்று கேளுங்கள். தப்பாக உச்சரித்தால் திருத்துவது அப்புறம். டாக்டர் அறையில் அவளுடைய வயிற்றுவலியை நீங்கள் சொல்லாதீர்கள். எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை போனது, சாப்பிட்டது என்ன என்று அவளே சொல்லட்டும். தமிழில் சொல்லட்டும், தெரிந்த ஆங்கில வார்த்தையைக் கலந்து சொல்லட்டும். சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயரைப் படித்து, "இது ஆன்டிபயாடிக்கா டாக்டர், எத்தனை நாள்?" என்று கேட்கட்டும். குறுக்கே விழுந்து "பெரியவங்க பேசும்போது சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். இந்த வாரமே மருந்து டப்பாவைக் கூடத்தில் கொட்டி, ஒவ்வோர் அட்டையையும் பாட்டிலையும் பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தேதி முடிந்ததையும், யாருக்கு எதற்கு வாங்கியது என்று தெரியாததையும் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி, ஒரு லிட்டர் பாட்டிலோடு சேர்த்து அந்த டப்பாவிலேயே போட்டு வையுங்கள்.