பிஞ்சுக் கையில் துடைப்பமா?

பள்ளிக்கூடத்து மணி அடிக்கிறது. பிள்ளை உள்ளே நுழைகிறான். அவன் கையிலே ஏடு இருக்கவேண்டும், எழுதுகோல் இருக்கவேண்டும். வாளியும் துடைப்பமும் இருந்தால், அந்த இடத்திற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் எதற்கு?

கற்பனை பேசவில்லை நாம். 2022ஆம் ஆண்டின் இறுதியிலே, ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில், பிள்ளைகளைக் கொண்டு கழிவறை கழுவவைத்தார்கள் என்ற புகார் எழுந்தது. ஒரு சிறுவன் காய்ச்சலில் படுத்தபிறகுதான் தாய்க்கே செய்தி தெரிந்தது. வழக்குப் பதிவாயிற்று, தலைமையாசிரியர் கைதானார். எந்தப் பிள்ளைகளைக் கழுவச் சொன்னார்கள்? ஆதித்திராவிடக் குடும்பத்துப் பிள்ளைகளை! புகாரின் நஞ்சு அங்கேதான் இருக்கிறது.

1953ஐ நினைத்துப் பாருங்கள், தோழர்களே! அரை நேரம் படிப்பு, அரை நேரம் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி, நாடே எழுந்து நின்றது. 1954இல் அவர் பதவியைவிட்டு இறங்கினார், காமராசர் வந்தார், திட்டம் குழிக்குப் போயிற்று. அன்று தலைவாயிலில் விரட்டப்பட்ட அதே குலக்கல்வி, “ஆள் இல்லை” என்ற முகமூடியை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறமாக நுழைவதா? நுழையவிட்டு நாம் பார்த்துக்கொண்டிருப்பதா?

ஆள் ஏன் இல்லை? சட்டத்தைப் புரட்டுவோம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்கிறது. நல்ல குடிநீர் வேண்டும் என்கிறது. சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்கிறது. எத்தனை ஆசிரியர் என்று கணக்குப் போட்டுத் தருகிறது. ஆனால் அந்தக் கழிவறையைக் கழுவ எத்தனை பேர்? குழாய் உடைந்தால் மாற்ற யார்? மின்விளக்கு அணைந்தால் ஏணி வைத்து ஏற யார்? அட்டவணை வாய் திறக்கவில்லை! கட்டித் திறந்தநாளில் நாடா வெட்டக் கை உண்டு. மறுநாள் காலையில் கழுவக் கை இல்லை. பகுதிநேரம், தொகுப்பூதியம், ஒப்பந்தம் என்று பெயரை மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள்.

கவனிப்பார் இல்லாத கட்டடம் என்ன செய்யும்? 2021 டிசம்பர் 17 அன்று, நெல்லையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் கழிவறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். சுவர் ஒரே இரவில் நோயாளியாவதில்லை. விரிசல் வரும், ஈரம் இறங்கும், காரை உதிரும். நாள்தோறும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். கேட்கக் காது இல்லை. கேட்டதைக் குறித்துவைக்க ஏடு இல்லை.

அந்தக் காதையும் ஏட்டையும் இன்றைய விஞ்ஞானம் தரமுடியும். அவரவர் சட்டைப்பையிலே கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் காலம் வருமென்று 1940களிலேயே ‘இனிவரும் உலகம்’ பற்றிப் பேசினார் பெரியார். வந்துவிட்டது! தலைமையாசிரியர் கைப்பேசியில் சுவரைப் படமெடுத்து அனுப்பட்டும். நாளும் நேரமும் பதியட்டும். பத்துப் பள்ளிக்கு ஒரு வண்டி. அதிலே கொத்தனார், குழாய்க்காரர், மின்பணியாளர். வேலை முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் கணக்கு மூடக்கூடாது. பெற்றோர் நிறைந்த பள்ளி மேலாண்மைக் குழு பார்த்து ஒப்பினால்தான் மூடவேண்டும். நீர்த்தொட்டி நிரம்பினால் தானே நிற்கும் மோட்டார் பெரிய விந்தையல்ல, வீடுகளில் ஓடுகிறது. குனிந்து தேய்க்கும் முதுகை நிமிர்த்த அழுத்தத்தோடு நீர் பீச்சும் கருவி உண்டு. கேரளத்திலே 2018இல், பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதனுக்குப் பதில் இறங்க ‘பாண்டிகூட்’ என்ற பொறியையே செய்துவிட்டார்கள். பெருச்சாளி என்று பொருள்! மனிதனைப் பெருச்சாளியாக்கிய நாட்டில், பொறி பெருச்சாளியாகி மனிதனை மனிதனாக்குகிறது. வரவேற்கிறோம்.

ஆனால், எச்சரிக்கை! சிந்தாதிரிப்பேட்டைக்காரனுக்கு எந்திரத்தின் இன்னொரு முகமும் தெரியும். சின்னத் தறிப்பேட்டை இது. 1734இல் கும்பினியார், கூவம் வளைந்தோடும் இந்த இடத்தில் நெசவாளரைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை. தறி பெயரில் மட்டும் நின்றுவிட்டது. சீமை ஆலைத் துணி கப்பலில் வந்து நாடெங்கும் தறியின் குரல்வளையை நெரித்தது. குற்றம் ஆலையினுடையதா? இல்லை; ஆலையின் இலாபம் யார் பெட்டிக்குப் போயிற்று என்பதே கேள்வி.

இன்றும் அதே கேள்விதான். பொறி வாங்கினோம், இனி ஆள் எதற்கு என்று எவரேனும் சொன்னால், அது விஞ்ஞானம் அல்ல, வஞ்சகம். பொறி தானாக நடந்து வராது. பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு நிலையான வேலை வேண்டும், வயிறு நிறையும் கூலி வேண்டும், கையுறை வேண்டும். 2025 ஆகஸ்டில், துப்புரவுப் பணியைத் தனியாரிடம் விடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் நாட்கணக்கில் அமர்ந்தார்களே தொழிலாளர்கள், அவர்கள் எழுப்பிய குரலும் இதுதான். இன்னொன்று: கணினியில் பதிவு ஏற்றுவதிலேயே பாடவேளை கரைகிறது என்று ஆசிரியர்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். பழுது சொல்வது ஒரு படம், ஒரு சொல் என்று நிற்கட்டும். அதுவே இன்னொரு சுமையாகவேண்டாம்.

காசு எங்கே என்பார்கள் கணக்குப்பிள்ளைகள். 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரவை, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைக்குச் சோறு போட்டபோதும் இந்தக் கேள்வி இருந்தது. பசியோடு படிப்பு ஏறாது என்று அன்று உணர்ந்தார்கள். நாற்றத்தோடும் ஏறாது என்று இன்று உணரவேண்டும். கழிவறை சரியில்லை என்று நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்குழந்தையின் வேதனையை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு பள்ளிக்கும் துப்புரவுக்கும் பராமரிப்புக்கும் நிலையான பணியிடம். பல பள்ளிகளுக்குப் பொதுவாகப் பொறியும் வண்டியும். பழுதுக்கணக்கு, தெருவில் போகிறவனும் படிக்கும்படி பள்ளி வாயிலிலே பலகையில்.

தோழர்களே! மே தினப் பூங்காவில் கூடி உழைப்பின் உரிமை பேசுகிறோம். நல்லது. நாளைக் காலை, வேலைக்குப் போகும் வழியில், உங்கள் வட்டத்துப் பள்ளிக்குள் ஒரு நடை போய்வாருங்கள். குழாயைத் திருப்பிப் பாருங்கள். சுவரைத் தட்டிப் பாருங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஒரு பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கண்டால், அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஏட்டைக் கொடுங்கள். பிறகு, துடைப்பம் கொடுத்தவரைக் கேள்வி கேளுங்கள்!