விளங்காதது கண்டவிடத்து

கல்லூரியிற் பயிலும் நம்மனோரிடத்து ஒரு குறை உளது. வினாவொன்று எழுந்தால் விடையும் உடனே கைக்கண் இருத்தல் வேண்டுமெனக் கருதுகின்றோம். விடை கூறவியலாத செய்தி எதிர்ப்படின், அதனைக் காணாதார்போற் கடந்து செல்கின்றோம். இப்பழக்கம் அறிவு வளர்ச்சிக்குப் பெரிதும் ஊறு செய்வதென்பது எமது துணிபு. வானநூல் வரலாற்றினின்றும் இதற்குச் சான்று காட்டுவாம்.

அமெரிக்க நாட்டிற் கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாராய்ச்சி நிலையத்தில் ஹீபர் கர்ட்டிஸ் என்னும் அறிஞர் பணிபுரிந்தார். ஆங்குள்ள கிராஸ்லி தொலைநோக்கியாற் படமெடுக்கப்பெற்ற 762 ஒளிமுகில்களையும் விண்மீன் கூட்டங்களையும் அவர் ஒவ்வொன்றாக விவரித்து 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கன்னியிராசியிலுள்ள எம் 87 என்பதைப்பற்றி எழுதுங்கால், அதன் நடுவோடு இணைந்த விந்தையான நேர்க்கதிரொன்று தோன்றுதலையும் குறித்தார். அஃது யாதென அவர் உரைத்திலர். அத்தகைய ஒளிமுகில்கள் நமது பால்வீதிக்கு உள்ளனவோ புறத்தனவோ என்பதே அந்நாளில் முடிவுறாதிருந்தது.

1943-இல் கார்ல் சைபர்ட் என்பார், சில விண்மீன் மண்டலங்களின் நடுவிடத்தே வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரைவில் இயங்குதற்குரிய அடையாளங்களை நிறமாலையிற் கண்டு எழுதினார். அதன் பெருமையும் பின்னாளிலேயே நன்கு உணரப்பட்டது.

நிற்க. கர்ட்டிஸ் குறித்த கதிரின் பொருள் மெல்ல மெல்லப் புலனாயிற்று. எம் 87 நமக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனியொரு விண்மீன் மண்டலம். அதன் நடுவில், ஞாயிற்றைப்போல் 650 கோடி மடங்கு நிறையுடைய கருந்துளை உளது; அதன் நிழலுருவம் 2019 ஏப்ரல் 10-இல் உலகிற்கு வெளியிடப்பட்டது. கருந்துளையை நோக்கிச் சுழன்று வரும் பொருள் அனைத்தும் அதனுள் வீழ்வதில்லை. ஒரு பகுதி, காந்தப் புலங்களின் வலியால், ஒளியின் விரைவை நெருங்கிய விரைவோடு புறத்தே வீசப்படுகின்றது. ஏறத்தாழ ஐயாயிரம் ஒளியாண்டு நீண்டு விளங்கும் அத்தாரையே கர்ட்டிஸ் கண்ட நேர்க்கதிர். இத்தகைய தாரைகள் சூழவுள்ள வாயுவை வெப்பமூட்டி, அது குளிர்ந்து புதிய விண்மீன்களாகத் திரள்வதைத் தடுக்கின்றன. ஆகவே, ஒரு மண்டலத்தின் வளர்ச்சியையே வரையறுக்கும் ஆற்றல் அச்சிறு கோட்டின்கண் மறைந்திருந்தது.

"காரணங் கூறாது கண்டதை மட்டும் எழுதுதல் கணக்கர் தொழிலன்றோ?" எனச் சிலர் வினவலாம். அன்று என்பேம். 762 பொருள்களுக்கிடையே ஒன்றன்பாலுள்ள ஒரு கோட்டைப் பிரித்தறிதற்குக் கூரிய நோக்கு வேண்டும். அதற்குப் பொய்க் காரணம் புனையாது விடுதற்கு நேர்மை வேண்டும். படத்தட்டின் மாசெனக் கருதி அவர் அதனை விட்டிருப்பின், அவரை யார் குறை கூறியிருப்பர்?

தமிழ் பயிலும் எமக்கும் இது பொருந்தும். ஏட்டிற் பொருள் விளங்காத பாடமொன்று எதிர்ப்படின், அதனைத் திருத்தி எளிதாக்க மனம் விழைகின்றது. அங்ஙனம் திருத்துவோன் தன் அறியாமையை மறைப்பதோடு, பின்வருவோன் காணக்கூடிய உண்மையையும் அழித்துவிடுகின்றான்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! விளங்காததைக் கண்டவிடத்து நாணுதல் வேண்டா. கண்டதைக் கண்டவாறே எழுதி, "இது விளங்கவில்லை" என்று அதன் அருகே குறித்து வைப்போமாக. விடை காணும் பேறு பிறர்க்கு வாய்க்கினும், அவர்க்கு வழி திறந்தவர் நாமாவோம்.