இருபது பலகை, ஒரு பள்ளிக்கரணை

"இருபது ராம்சார் தளம், இந்தியாவிலேயே நாமதான் முதலிடம்" என்று நம்ம ஆட்கள் வரிசையா பதிவு போட்டு மார் தட்டிக்கிட்டு இருக்காங்க. தட்டுங்க மக்களே, வேணாங்கல. ஒரே ஒரு கேள்வி மட்டும். பட்டியல்ல சேர்ந்த பிறகு அந்தச் சதுப்பு நிலத்துக்கு என்ன நடக்குது?

தானா எதுவும் நடக்காது. 1971-ல் ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ராம்சார் என்ற ஊரில் கையெழுத்தான ஒப்பந்தம் இது. உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலில் இருக்கு. மீறினால் அபராதம் கிடையாது. 'பார்த்துப் பயன்படுத்துவோம், நிலைமை கெட்டால் சொல்லுவோம்' என்று ஒரு நாடு கொடுக்கும் வாக்கு, அவ்வளவுதான். காப்பாத்த வேண்டியது உள்ளூர் சட்டமும், உள்ளூரில் கையெழுத்துப் போடும் அதிகாரியும்.

நம்ம கணக்கையே பாருங்க. 2002-ல் கோடியக்கரை. அப்புறம் இருபது வருஷம் ஒண்ணுமே இல்லை. 2022-ல் திடீர்னு ஒரே வருஷத்தில் 13 இடம். சுதந்திரத்தின் 75-ம் ஆண்டுக்கு நாடு முழுக்கச் சரியா 75 தளம்! கூந்தன்குளத்துக்கு நாரை வந்தது ஆகஸ்ட் 15-ஐப் பார்த்துத்தானா?

அந்த 13-ல் ஒண்ணு பள்ளிக்கரணை. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு. தென்சென்னை ஏரிகளின் உபரித் தண்ணி இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலைச் சேரணும். அதன் தலையிலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கை வைத்தோம். அரசு நிறுவனங்களே உள்ளே கட்டடம் கட்டின. மிச்சத்தில் ராம்சார் பட்டம் வாங்கியது சுமார் 1,248 ஹெக்டேர். பட்டம் கிடைத்த மறு வருஷமே, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், வேளச்சேரியும் பெரும்பாக்கமும் படகு விட்டதை நாம எல்லாருமே பார்த்தோம். தண்ணிக்கு வழி தெரியும். அது நின்ன இடத்தில் இப்போ வீடு நிக்குது.

அதைவிடக் கொடுமை இது. 2022-ல் பட்டம் வாங்கிய இடத்தின் எல்லை எது என்று 2025-லும் அளந்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்குள்ளே அங்கே அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்தாச்சுன்னு பிரச்சினை கிளம்பி, அந்த அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட வேண்டி வந்தது. ஸ்பெக்கே முடிவாகாம புராஜெக்டை டெலிவரி பண்ணா எங்க மேனேஜர் என்னை உரிச்சிருப்பார் :-)

சரி, என்ன செய்யணும்? ராம்சாரிலேயே இன்னொரு பட்டியல் இருக்கு, நம்ம பதிவுகளில் யாரும் அதைப் பேசறதில்லை. மாண்ட்ரோ பதிவேடு. இயல்பு கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கும் தளங்களின் பட்டியல். ஒரு நாடு சம்மதிச்சாத்தான் அதில் சேர்க்க முடியும். சேர்ந்தால் நிபுணர் குழுவை அழைக்கலாம், யோசனை கேட்கலாம். எவர்கிளேட்ஸை அமெரிக்கா 1993-ல் அதில் சேர்த்தது. மானம் ஒண்ணும் கப்பல் ஏறிடலை.

நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. ஒடிசாவின் சிலிகா ஏரி 1993-ல் அந்தப் பதிவேட்டுக்குப் போனது. வண்டல் சேர்ந்து கடல்வாய் அடைபட்டு, உப்புத்தன்மை குறைந்து, களை மண்டி, மீன்பாடு விழுந்திருந்தது. 2000-ல் புதுசா ஒரு முகத்துவாரம் வெட்டினாங்க. உப்புத் தண்ணி உள்ளே வந்தது, களை குறைந்தது, மீன் திரும்பியது. 2002-ல் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்தாங்க. ஆசியாவிலேயே அப்படி வெளியே வந்த முதல் தளம் அதுதான். நோய் இருக்குன்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் வைத்தியம் நடந்தது.

பள்ளிக்கரணையை அதில் சேர்க்கச் சொல்லி டெல்லிக்கு ஏன் ஒரு கடிதம் போகக்கூடாது? அதைச் செய்ய மாட்டாங்க. 21, 22 என்று எண்ணிக்கை ஏறினால் பேட்டி கொடுக்கலாம், மாண்ட்ரோவில் போட்டால் பதில் சொல்லணுமே.

இன்னொரு கூத்து. இயற்கையோ செயற்கையோ எல்லாமே ஈர நிலம்தான் என்கிறது ராம்சார் ஒப்பந்தம். மத்திய அரசின் 2017 விதிகளோ பாசனத்துக்காக மனிதன் வெட்டியதை விளக்கத்திலேயே கழிச்சுக் கட்டுது. வேடந்தாங்கலே பாசன ஏரிதான் சாமி! பலகை கிடைத்ததால் அது தப்பிச்சது. பலகை இல்லாத ஆயிரக்கணக்கான ஏரி, கண்மாய்க்கு யார் பொறுப்பு?

"நீயும் ஓஎம்ஆர்லதானே பொட்டி தட்டறே" என்று அனானி பின்னூட்டம் வரும், தெரியும். ஆமாங்க, அங்கேதான். அந்தக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது நான் இல்லை, கொடுத்தவங்க கையெழுத்து கோப்பில் இருக்கு. அதைக் கேட்டு ஆர்டிஐ போட யாருக்காவது விருப்பம் இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே போடலாம்.

டிஸ்கி: பறவை போட்டோ போடும் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த தடவை பூநாரையை எடுக்கும்போது கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி அந்தக் குப்பைமேட்டையும் சேர்த்து எடுங்க.