முயலைப் பாடம் செய்யும் சகோதரிகளுக்கு



இறந்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உயிருடன் இருப்பதுபோல் நிறுத்தி வைப்பதைப் பாடம் செய்தல் என்கிறோம். 1988 இல் இறந்த ராஜா யானையைக் கண்டி தலதா மாளிகை வளவில் இப்படி வைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டில் முயல் வளர்க்கும் சகோதரிகள் சிலர், இறைச்சிக்குப் பின் எஞ்சும் தோலைக் கொண்டு இந்த வேலையைப் பழகி வருகிறார்கள். அவர்கள் காட்டிய முயல்கள் பெரும்பாலும் தலையணை போல இருந்தன. தோல் சரியில்லை என்றார்கள். குறை தோலில் இல்லை, உள்ளே வைத்ததில்தான் இருந்தது.

இதை நன்கு உணர்ந்த ஒரு பெண் அமெரிக்காவின் கொலராடோவில் வாழ்ந்த மார்த்தா மக்ஸ்வெல். 1831 இல் பிறந்தவர். தோலைத் தைத்து உள்ளே அடைக்கும் பழைய முறையை விட்டு, இரும்புச் சட்டகத்தின் மேல் தோலைப் பொருத்தினார். உயிருள்ள விலங்குகள் எப்படி நிற்கின்றன, எப்படித் திரும்புகின்றன என்று கவனித்தே வேலை செய்தார். 1876 இல் பிலடெல்பியா கண்காட்சியில் தன் சேகரிப்பை வைத்தபோது, அதன் முன்னால் "பெண்ணின் வேலை" என்று எழுதி வைத்தார்.

பழகுவோர் திருத்திக்கொள்ள வேண்டியவை இவை:

1. அளவு: தோலை உரிக்கும் முன் மூக்கிலிருந்து கண்வரை, மூக்கிலிருந்து வால் அடிவரை, கழுத்துச் சுற்று, வயிற்றுச் சுற்று ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். உரித்த உடலைக் கடதாசியில் வைத்துக் கோடு வரையுங்கள்.

2. தோல்: ஒட்டியுள்ள கொழுப்பையும் தசையையும் முழுதாகச் சுரண்டி எடுங்கள். மிஞ்சினால் மயிர் உதிரும், பூச்சி வரும். பின்னர் உட்புறத்தில் போரக்ஸ் எனப்படும் வெண்காரத்தைத் தேயுங்கள்.

3. உடல்: பஞ்சை அடைக்காதீர்கள். வைக்கோலை இறுக்கிச் சுருட்டி, நூலால் சுற்றி, எழுதிய அளவுக்கே உடலைச் செய்யுங்கள்.

4. கால்: கால் எலும்பைச் சுத்தம் செய்து அப்படியே வைத்து, அதனோடு கம்பியைக் கட்டுங்கள். மூட்டில் மட்டும் மடியுங்கள். கம்பி குழாய்போல வளைந்தால் கால் பொய்யாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும் முயலின் பின்பாதம் முழுவதும் தரையில் படிந்திருக்கும்.

5. காது: உள்ளிருக்கும் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, அதே வடிவில் மெல்லிய பிளாஸ்ரிக் வைத்து, காயும்வரை இருபுறமும் மட்டையால் பிடியுங்கள். இல்லாவிட்டால் சுருங்கிவிடும்.

6. கண்: கண்ணாடிக் கண் வெளியே தள்ளி நின்றால் முயல் பயந்ததுபோல் இருக்கும். களிமண்ணில் சற்று உள்ளே பதித்து, இமையை அதன்மேல் கொண்டுவாருங்கள். பின்னர் நிழலில் காயவிட்டு, தினமும் பார்த்து இமையையும் உதட்டையும் சரிசெய்யுங்கள்.

கையுறை கட்டாயம். வெண்காரத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அது பட்ட பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. பழைய நூல்கள் சொல்லும் ஆர்சனிக் கொடிய நஞ்சு, அதன் பக்கமே போகாதீர்கள். காட்டு விலங்கு எதையும் இதற்காகப் பிடிக்கவோ கொல்லவோ கூடாது, இறந்து கிடந்ததையும் எடுக்க வேண்டாம். சட்டச் சிக்கல் வரும். வீட்டில் வளர்த்த முயலே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் யுத்தத்தில் பார்க்கக் கூடாதவற்றைப் பார்த்தவர்கள். இரத்தமும் உயிரற்ற உடலும் மனதை உலுக்குமானால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தையலும் பன்வேலையும் இருக்கின்றன.

செய்பவர்கள் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி, கண், வெண்காரம் வாங்கிய காசோடு, நீங்கள் செலவழித்த மணித்தியாலங்களையும் எழுதுங்கள். மார்த்தாவைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1881 இல், 49 வயதில், வசதியின்றியே இறந்தார். அவரது சேகரிப்பும் கவனிப்பாரின்றி அழிந்தது. வேலை திறமாக இருந்தால் மட்டும் போதாது, அதன் விலையைக் கேட்கவும் நமக்குத் தெரிய வேண்டும். வாங்க வருபவர் "சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே" என்று சொன்னால், அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டுங்கள்.